திரும்பிப் போன ரெண்டு விரல்

எனக்கு வாய் ஜாஸ்தி. கோவம் அதவிட ஜாஸ்தி. பஸ்ல கண்டக்டர் மீதி சில்லறை தரலன்னா, எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் சண்ட போட்டுகினே போற ஆளு நான். "ஒரு ரூபாய்க்கு சண்ட போட்டு, அஞ்சு ரூபா டிக்கெட் எடுத்து திரும்பி வர்றீங்களே, உங்களுக்கு இன்னா கிறுக்கா?"ன்னு ஆரிபா கேப்பா. ஆரிபா என் சம்சாரம். நான் சொல்லுவேன், காசு பெரிசில்லம்மா, ஞாயம்னு ஒன்னு இருக்குல்ல. இப்ப அந்த வார்த்தைய நான் வாயில எடுக்கறதே இல்ல. என் ஞாயத்தால ஒரு பொண்ணு தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டேன். அவளப் பத்திதான் சொல்ல வர்றேன்.

எம்பேரு தமீம் அன்சாரி. பூர்வீகம் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்ல ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், கூடவே ஜெராக்ஸும் ஸ்கேனிங்கும். சிப்காட்ல வேல தேடுறவங்க, பரிச்ச ரிசல்ட் பாக்க வர்றவங்க, எல்லாருக்கும் நான் பாய்தான். சாராளும் மொத தடவ பிளஸ் டூ ரிசல்ட் பாக்கத்தான் வந்தா. பாஸ்னு வந்ததும் எதுத்தாப்ல டீக்கட வரைக்கும் கேக்கற மாதிரி "ஸ்தோத்திரம்!"னு கத்துனா. கடையில இருந்தவன் எல்லாம் திரும்பிப் பாத்தான். "ஏம்மா, பாஸானது நீயா, ஆண்டவரா?"ன்னேன். "ரெண்டு பேரும் சேந்துதான் பாய் எழுதுனோம்"னா. சிரிச்சா அவளுக்குக் கண்ணு ரெண்டும் காணாமப் பூடும்.

ஊடு புதுகும்மிடிப்பூண்டி. அம்மா முத்தம்மா. அப்பா பச்சையப்பன், லாரி எட போடுற மேடையில வாட்ச்மேன். அவர் சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சப்பறமும் பேர மாத்திக்கல. "அம்பது வருசமா பச்சையப்பன், இனிமே பேர மாத்துனா ஆண்டவருக்கே அடையாளம் தெரியாமப் பூடும்"பாராம். பொண்ணுக்கு மட்டும் பாஸ்டர் பாத்து சாராள்னு வச்சாரு. ரோட்ல போற லாரிக்காரன்ல இருந்து கூரியர்காரன் வரைக்கும் பச்சையப்பனத் தெரியாதவங்க கெடயாது. ரெண்டாயிரத்து எட்டு ஐப்பசி மழையில மஞ்சக்காமால வந்து பத்தே நாள்ல போய்ட்டாரு.

அதுக்கு ஒரு வருசம் முன்னாடியே சாராளு கையில அடி பட்டிருந்துச்சு. தகட்டு கம்பெனி ஒன்னுல கான்ட்ராக்ட்ல போய்க்கினு இருந்தா. பிரஸ் மெஷின்ல கைய வெளிய எடுத்தாதான் அமுங்குற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கும். வேல சீக்கிரம் ஆவணும்னு அதக் கழட்டி வச்சிருந்தானுங்க, பாவிங்க. எடது கையில மோதிர வெரலும் சுண்டு வெரலும் போச்சு. கம்பெனி ஏதோ ஒரு தொகையக் குடுத்து, அவளத் தூக்கி பேக்கிங்ல ஒக்கார வச்சுது. ஆஸ்பத்திரியில நானும் ஆரிபாவும் போய்ப் பாத்தோம். அவதான் எங்களத் தேத்துனா. "பத்துல ரெண்டு போச்சு பாய். மீதி எட்டு. எம்பது மார்க்கு. பாஸ்தான்"னா. ஆரிபா வெளிய வந்து வராண்டாவுல நின்னு அழுதா.

அதே கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேல செஞ்ச பையன் ஏசுபாதம், ஊத்துக்கோட்டைக்காரன். அடி பட்ட அன்னிக்கு கைக்குட்டைய எடுத்து அவ கையக் கட்டுனதே அவன்தான். பையன் சாது, பேசவே மாட்டான். ரெண்டாயிரத்து ஒம்பது ஜனவரியில பொண்ணு கேட்டு வந்தாங்க. முத்தம்மாவுக்குக் கால் தரையில நிக்கல. ஆனா பையனோட அம்மா ஒரே ஒரு கண்டிசன் போட்டாங்க. "எம்புள்ளைக்குப் புடிச்சிருக்கு, எனக்கு ஒன்னும் ஆட்சேபண இல்ல. எங்க சொந்தக்காரங்களுக்குக் கை விசயம் தெரியக் கூடாது. சர்ச்சுல மோதிரம் போடறப்ப வெரலு இருக்கணும். அதுக்கு இன்னா வழியோ பாத்துக்கோங்க." அவங்க சபையில தாலி கெடயாது. எடது கை மோதிர வெரல்ல மோதிரம் போடறதுதான் கல்யாணமே. மே மாசம் இருவதாம் தேதின்னு நாள் குறிச்சாங்க.

மறுநாள் காலையில கட தொறந்து சாமிராணி கூடப் போடல, சாராளு வந்து நின்னா. "பாய், நெட்ல எல்லாம் கெடைக்கும்பீங்களே, வெரலு கெடைக்குமா?"

"பொண்ணு கெடைக்கும், மாப்ள கெடைப்பான். வெரலு..."ன்னு வெளையாட்டுக்கு ஆரம்பிச்சவன், அவ மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிகினேன். தேடுனோம். வடக்க ஒரு கம்பெனி சிலிக்கான்ல வெரலு செஞ்சு தர்றதா போட்டிருந்தான். படத்துல பாத்தா நெசமான வெரலேதான், நகம், ரேக, சுருக்கம் எல்லாம் இருக்கு. விசாரிச்சு என் பேருக்கு எழுதிப் போட்டேன், அச்சு எடுக்கற சாமான் ஒரு டப்பாவுல கடைக்கு வந்துச்சு. மாவு மாதிரி இருக்கும், தண்ணி ஊத்திக் கலக்கி அதுல நல்ல கையோட வெரல முக்கி அசையாம ஒக்காரணும். பல்பொடி மாதிரி புதினா வாசன அடிச்சுது. "பாய், நாஷ்டா கூட சாப்புடல, வாசனைக்கு இதையே தின்னுடலாம் போல"ன்னு சொல்லிட்டு, சிரிச்சா அச்சு கலஞ்சிடும்னு உதட்டக் கடிச்சிகினு ஒக்காந்திருந்தா. சோத்தாங்கையில எடுத்த அச்ச வச்சு பீச்சாங்கைக்கு மாத்திச் செஞ்சுடுவாங்களாம். கலர் அட்டையும் ஒன்னு வந்துச்சு. கையில வச்சுப் பாத்தா எட்டாம் நம்பர். "ஏழு போடுங்க பாய், கல்யாணத்தன்னிக்கு பவுடர் போடுவாங்கல்ல"ன்னா.

மார்ச் மாசம் அச்ச அனுப்பிட்டு, நெட்ல ஆர்டர் ஃபாரம் போட ஒக்காந்தோம். கடை அட்ரஸே போட்டிருக்கணும். அவதான், "ஊட்டுக்கே வரட்டும் பாய், பைபிள் பக்கத்துல வச்சு ஜெபம் பண்ணிட்டு அம்மா கையால பிரிக்கணும்"னா. சரின்னு அவ ஊட்டு அட்ரஸ் போட்டேன். மேல பேரு போடற எடத்துல மிஸ்டரா, மிஸ்ஸான்னு ஒரு கட்டம். மிஸ்டர்னு தானா நின்னுகினு இருந்துச்சு, நான் அதத் தொடவே இல்ல. அடுத்தது ஃபர்ஸ்ட் நேம். சாராள்னு அடிச்சேன். அதுக்கடுத்தது லாஸ்ட் நேம், செவப்பு நட்சத்திரம் போட்டு, கண்டிப்பா எழுதியே ஆவணுமாம். நம்மள்ல யாருக்குய்யா லாஸ்ட் நேம் இருக்கு? இருக்கறது ஒரே பேரு, முன்னாடி அப்பா பேர்ல ஒரு எழுத்து, தீந்துது. பி. சாராள், அவ்ளோதான் அவ. வெறும் பி-ன்னு அடிச்சா மெஷின் ஒத்துக்கல. "அப்பா பேரப் போட்டுடவா?"ன்னு கேட்டேன். வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். "போடுங்க பாய், அவரும் கூட வரட்டும்"னா.

கம்பெனி குடுத்த நஷ்டஈட்டுல மிச்சம் வச்சிருந்தத எடுத்து டிடி எடுத்து அனுப்புனா. மெயில் வந்துச்சு, ஏப்ரல் மொத வாரம் வந்துடும்னு. சாராளு தெனமும் வேல முடிஞ்சு போறப்ப கடையில தலைய நீட்டுவா. "வந்துடுச்சா பாய்?" "உங்க ஊட்டுக்குத்தான வரும், எங்கிட்ட கேட்டா?" "சும்மா கேட்டேன்." ஒரு வாரம் ஆச்சு, பத்து நாள் ஆச்சு. எனக்கே பேஜாராப் போச்சு. வெரலு கம்பெனிக்கு போன் போட்டேன். தமிழ் பேசற பொண்ணு ஒன்னு லைன்ல வந்துச்சு. பாத்துட்டு, "சார், அந்தப் பார்சல் ஆர்.டி.ஓ. ஆயிடுச்சு"ன்னுச்சு. ஆர்.டி.ஓ.ன்னா எனக்குத் தெரிஞ்சது வண்டி லைசன்ஸ் குடுக்கற ஆபீஸுதான். இது வேற. அனுப்புன எடத்துக்கே திரும்பிப் போறதாம். ஏன்னு கேட்டேன். "பார்ட்டி எக்ஸ்பையர்டுன்னு போட்டிருக்காங்க சார்."

"எந்தப் பார்ட்டிம்மா?"

"வாங்குனவங்க சார். இறந்துட்டாங்கன்னு."

வாங்குனவ எம் பக்கத்துல நிக்கறா, டிபன் பாக்ஸ் பைய மாட்டிகினு, வாயப் பாத்துகினு.

கூரியர் கொண்டாந்தவன் சின்னராசு. தனியார் கூரியர், எக்ஸெல் வண்டியில ஊர் ஊராப் போவான், நல்ல மனுசன். போய்ச் சட்டயப் புடிச்சேன். அவன் சொன்னான், "பாய், மேல இன்னா எழுதியிருந்துச்சு தெரியுமா? மிஸ்டர் எஸ். பச்சையப்பன்." கம்பெனிக்காரன் மெஷின் சாராளச் சுருக்கி ஒரு எழுத்தாக்கிட்டு, அப்பா பேரப் பெரிசாப் போட்டிருக்கு. "எனக்குத் தெரிஞ்ச பச்சையப்பன் ஒருத்தர்தான். அவரப் பொதைக்கறப்ப நானும் ஒரு கை மண்ணு போட்டவன். அவருக்கு இனிஷியல் எஸ்ஸா கேவான்னு யாரு பாத்தா? ஊட்டாண்ட போய் அந்தம்மாகிட்ட, உங்க ஊட்டுக்காரர் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்குன்னேன். அவ்ளோதான், அப்படியே நெலப்படியில ஒக்காந்து அழுவுது. அவரு பேருக்கு எது வந்தாலும் எனக்கு வேணாம்யா, எடுத்துகினு பூடு, வயிறு எரியுதுன்னு கும்புடுது. அந்தம்மாவ இன்னும் அழ வைக்கணுமான்னு, எக்ஸ்பையர்டுன்னு எழுதி அன்னிக்கே அனுப்பிட்டேன்."

அவன் மேல இருந்த கோவம் அப்படியே எறங்கிடுச்சு. வந்தது பொண்ணோட வெரலுன்னு முத்தம்மாவுக்குத் தெரியாது, பொண்ணு மனசு நோவும்னு அழுததச் சொல்லவும் இல்ல. அவங்க மேல கோவப்பட முடியுமா? முடியாது. அப்ப என் கோவம் எங்க போவும்? நேரா கம்பெனிக்காரன் மேல போச்சு.

ஏன்னா அவன் சொன்னது அப்படி. திரும்பி வந்த கூரியர் கூலி முன்னூத்தி நாப்பது ரூபா, மறுபடி அனுப்ப இன்னொரு முன்னூத்தி நாப்பது, ரெண்டையும் வாங்குனவங்கதான் கட்டணும், கட்டுனாதான் அனுப்புவோம்னான். எனக்கு மண்டைக்கு ஏறிடுச்சு. "ஏம்மா, பார்சல் எங்க கையில படவே இல்ல. நாங்க வேணாம்னு சொல்லல, புடிக்கலன்னு திருப்பல. பேரச் சுருக்குனது உங்க மெஷின். திருப்பி அனுப்புனது உங்க கூரியர். போன கூலியும் வந்த கூலியும் நாங்க தரணுமா? எந்த ஊரு ஞாயம் இது?"ன்னு கத்துனேன். கடையில ஆறு கம்ப்யூட்டர்லயும் ஒக்காந்திருந்தவன் எல்லாம் எந்திரிச்சு வந்து வேடிக்க பாத்தான்.

சாராளு என் சட்டக் கையப் புடிச்சி இழுத்தா. "பாய், குடுத்துடலாம் பாய். எங்கிட்ட இருக்கு."

"உங்கிட்ட இருக்கு, அது எனக்கும் தெரியும். கேக்கறவனுக்கெல்லாம் குடுத்தா நாளைக்கு எல்லார் தலையிலயும் மொளகா அரைப்பான். நீ சும்மா இரு."

"நாளு போவுது பாய்."

"ரெண்டே நாளு. நான் பாத்துக்கறேன்."

ரெண்டு நாளு அஞ்சு நாளாச்சு. மெயிலு மேல மெயிலு, போன் மேல போன். அல்லா சத்தியமா சொல்றேன், அந்த அஞ்சு நாள்ல நான் சாராளு கைய ஒரு தடவகூட நெனைக்கல. அந்த முன்னூத்தி நாப்பதத்தான் நெனச்சுகினு இருந்தேன். ஆரிபா கூட, "நானே தர்றேன், கட்டித் தொலைங்க"ன்னா. அவகிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். அஞ்சாம் நாளு அந்தத் தமிழ்ப் பொண்ணு வாய் தவறி ஒன்னு சொல்லுச்சு. "சார், நெசமாவே டெத் கேஸா இருந்தா கூரியர் கூலி எல்லாம் கம்பெனியே ஏத்துக்கும். சர்டிபிகேட் அனுப்பணும். வாரிசு ஒரு லெட்டர் குடுக்கணும். இல்லன்னா பாலிசிப்படி வாங்குனவங்கதான்."

எனக்கு மூளையில பல்பு எரிஞ்சுது. அட, இவ்ளோ சுளுவா? பார்சல் மேல இருக்கற பேரு பச்சையப்பன். பச்சையப்பன் செத்தது நெசம். சர்டிபிகேட் இருக்கறது நெசம். அதுல இருக்கற தேதிய எவன் பாக்கப் போறான்? பொய்யே சொல்ல வேணாம். அனுப்புனா கூலிய அவனே ஏத்துகினு, பொருள வாரிசுக்கு அனுப்பி வச்சுடுவான். "போய் உங்கப்பா டெத் சர்டிபிகேட்ட எடுத்தாடி"ன்னேன்.

சாராளு தயங்குனா. "வேணாம் பாய். அப்பா பேர்ல எதுக்கு?"

"உங்கப்பா உனக்கு கல்யாணத்துக்கு இன்னா செஞ்சாரு? இதயாவது செய்யட்டும்"னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். இப்ப நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

கொண்டாந்தா. ஸ்கேன் பண்ணேன். 'உங்கள் வாடிக்கையாளர் திரு. எஸ். பச்சையப்பன் காலமாகிவிட்டார், நான் அவருடைய மகள், வாரிசு, ஆவன செய்யவும்'னு இங்கிலீஷ்ல லெட்டர் அடிச்சு நீட்டுனேன். படிச்சுப் பாத்தா. "பாய், ஆர்டர் குடுத்தது நான். அப்ப செத்தது நான்தான? என் சாவுக்கு நானே கையெழுத்துப் போடறேன், பாருங்க"ன்னு சொல்லிட்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன். கையெழுத்துப் போட்டா. அனுப்பிட்டேன்.

எட்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. கடையில கரண்ட் போயி வந்தப்பறம் பாத்தேன். இங்கிலீஷ்ல ரொம்ப மரியாதையா எழுதியிருந்தான். திரு. பச்சையப்பனின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபமாம். அவரது குடும்பத்துக்கு ஆறுதலாம். அவரிடமிருந்து திரும்பி வந்த கூரியர் கட்டணம் எதுவும் வசூலிக்கப்பட மாட்டாதாம். ஆர்டர் ரத்து செஞ்சாச்சு, கட்டுன பணம் பூரா வாரிசுக்கு செக்கா வரும். அப்பறம் கடைசி வரி. 'அவருடைய கைக்கென்றே செய்யப்பட்டது என்பதாலும், வேறு யாருக்கும் பயன்படாது என்பதாலும் சுகாதார விதிப்படியும், விரல்கள் அழிக்கப்பட்டன.'

மூணு தடவ படிச்சேன். யா அல்லா, இது எனக்கு ஏன் தோணல? செத்துப் போனவனுக்குச் செஞ்ச வெரல எடுத்து அவன் பொண்ணுக்கு எவன் அனுப்புவான்? ஒரு கொழந்தகிட்ட கேட்டா சொல்லும். நான் பார்சலப் பாத்தேன், பேரப் பாத்தேன், கூலியப் பாத்தேன். உள்ள இருந்தது ஒரு ஆளோட வெரலுன்னு மட்டும் பாக்கல. போன் பண்ணி அழுதேன், கெஞ்சுனேன். "மறுபடி அச்சு எடுத்து அனுப்புங்க சார், ஆறு வாரம் ஆவும்"னாங்க. கல்யாணத்துக்கு இருந்தது இருவது நாளு.

சாராளுகிட்ட எப்படிச் சொன்னேன்னு எனக்கு நெனவில்ல. அவ ஒரு வார்த்த திட்டல. அந்த மெயில பிரிண்ட் எடுத்துக் கேட்டா. மடிச்சு டிபன் பாக்ஸ் பையில வச்சுகினா. "அம்மா ஏதாச்சும் பண்ணும் பாய்"னு சொல்லிட்டுப் போய்ட்டா. அன்னிக்கு நான் கடைய மத்தியானமே சாத்திட்டேன்.

முத்தம்மா பண்ணது இதுதான். கல்யாணப் பொண்ணுக்குப் போடற வெள்ளக் கையுறை வாங்கி, எடது கையில ரெண்டு வெரலுக்கு மட்டும் உள்ள பஞ்ச உருட்டி வச்சுத் தச்சுட்டாங்க. தூரத்துல இருந்து பாத்தா ஒன்னும் தெரியல. மாமியாக்காரம்மா வந்து பாத்துட்டு, சரி, ஒப்பேத்திடலாம்னு சொல்லிட்டாங்களாம். எனக்குக் கூட கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

மே இருவது. ஊத்துக்கோட்ட சர்ச்சுக்கு நானும் ஆரிபாவும் போயிருந்தோம். கடைசி பெஞ்சுல ஒக்காந்தோம். சாராளு வெள்ளப் பொடவையில நடந்து வந்தா, கையில பூங்கொத்து, எடது கை உள் பக்கமா. கோட்டு போட்டுகினு ஏசுபாதம் வேர்த்து ஊத்திகினு நின்னான். பாட்டு முடிஞ்சுது, ஜெபம் முடிஞ்சுது. பாஸ்டர் வயசானவரு, அந்த சபைக்காரரு. அவருகிட்ட யாரும் ஒன்னும் சொல்லி வைக்கல. சொந்தக்காரங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா பாஸ்டருக்கும் தெரியக் கூடாதுன்னு மாமியாக்காரம்மா நெனச்சிட்டாங்க. மோதிரத்த எடுத்து ஜெபிச்சுக் குடுத்தாரு. ஏசுபாதம் கையுறை மேலயே போடப் போனான்.

"கையுறையக் கழட்டும்மா"ன்னாரு பாஸ்டர், மைக்குல.

எங்க யாருக்கும் அது தெரியாது. மோதிரம் போடறப்ப கையுறையக் கழட்டணும்னு முத்தம்மாவுக்குத் தெரியாது, எனக்கு எங்க தெரியும்? சாராளு அசையல. ஏசுபாதம் அவசரமா அப்படியே மோதிரத்த உள்ள தள்ளுனான். பஞ்சு மடங்கிடுச்சு. மோதிரம் நிக்கல. பாஸ்டருக்கு வெவரம் புரியல, பொண்ணு வெக்கப்படுதுன்னு நெனச்சாரு. சிரிச்சிகினே மறுபடியும், "பயப்படாத மகளே, கழட்டு"ன்னாரு. அவ பூங்கொத்த ஒரு பொண்ணுகிட்ட குடுத்தா. சோத்தாங்கையால கையுறையக் கழட்டுனா. மெதுவாத்தான் கழட்டுனா, ஒவ்வொரு வெரலா. மூணு வெரலு இருந்த கைய நீட்டிகினு நின்னா.

மொத வரிசையில யாரோ "ஐயோ"ன்னாங்க. அப்பறம் சர்ச்சு பூரா முணுமுணுப்பு. ஏசுபாதம் நடுவெரல்ல போட்டுப் பாத்தான். அந்த மோதிரம் அச்செடுத்த அளவுக்குச் செஞ்சது, நடுவெரல் கணுவுல நின்னுடுச்சு. அவனுக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. அம்மாவத் திரும்பிப் பாத்தான். அந்தம்மா முந்தானையால மூஞ்சிய மூடிகினு இருந்தாங்க. மோதிரத்த எடுத்து கோட்டு பாக்கெட்டுல போட்டுகினான். பாஸ்டர் அவசர அவசரமா ஜெபம் பண்ணி முடிச்சாரு. சாராளு கை அது வரைக்கும் நீட்டுனபடியேதான் இருந்துச்சு. அத யாரும் புடிச்சிக்கல. எம் பக்கத்துல ஆரிபா தலையில அடிச்சுகினு அழுதா. எனக்கு எந்திரிச்சு ஓடிடணும் போல இருந்துச்சு.

கல்யாணம் ஆச்சு. ஆவலன்னு சொல்ல முடியாது. ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு, பிரியாணி போட்டாங்க. ஊத்துக்கோட்டைக்குக் கூட்டிகினு போய்ட்டாங்க. அப்பறம் முத்தம்மா எப்பவாச்சும் கடைப்பக்கம் வந்தா சொல்லும். மாப்ள அடிக்கறதில்ல, திட்டறதில்ல, குடி கெடயாது. ஆனா மோதிரத்தப் பத்திப் பேச்சே இல்லியாம். மாமியாக்காரம்மா வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்களாம். ஞாயித்துக்கெழம எல்லாரும் சர்ச்சுக்குப் போவாங்களாம், சாராளு மட்டும் ஊட்டப் பாத்துக்கணுமாம். "யாராச்சும் ஊட்ல இருக்கணும்ல"ன்னு மாமியாரு சொல்லுமாம். என் கடையில நின்னு ஊரே கேக்க ஸ்தோத்திரம் சொன்ன பொண்ணு அது. நான் ஊத்துக்கோட்டைக்குப் போயி மன்னிப்புக் கேக்கணும்னு நெனப்பேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவ போயிருக்கேன். ஏறல.

ஜூலை கடைசியில ஒரு நாள் அவளே வந்தா. நான் ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் மாட்டிகினு இருந்தேன். எளச்சிருந்தா. முந்தானையால எடது கையச் சுத்தி மூடியிருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடி அவ ஒரு நாளும் அப்படி மூடுனதில்ல. அந்தக் கையாலதான் பான் கார்டு ஃபாரம் புடிச்சிகினு, எட்டு வெரலால டைப் அடிக்கக் கத்துக்குடுங்க பாய்னு வம்பு பண்ணிகினு இருப்பா.

"நல்லாருக்கியாம்மா?"ன்னேன். வாய் ஜாஸ்தின்னு பேரெடுத்தவனுக்கு அதுக்கு மேல வரல.

"நல்லாருக்கேன் பாய்"னு சொல்லிட்டு ஒரு கவர எடுத்தா. அம்மா ஊட்டுக்கு வந்திருந்துச்சாம். இந்தத் தடவ சின்னராசு வாசல்ல நின்னு ரெண்டு தரம் பேர விசாரிச்சு, அவ ஊத்துக்கோட்டையில இருந்து வர்ற வரைக்கும் கையிலயே வச்சிருந்து குடுத்தானாம். உள்ள செக்கு. கூட ஒரு கணக்குச் சீட்டு. எதுக்கு எவ்ளோ புடிச்சோம்னு அதுல வரிசையா கட்டம் போட்டிருந்துச்சு. அவ வெரல வச்சு ஒரு கட்டத்தக் காட்டுனா. ரிட்டர்ன் கூரியர் கட்டணம்னு போட்டு, நேரா சைபர்.

என்னால அந்தக் கட்டத்தப் பாக்க முடியல. அவ மூஞ்சியப் பாத்தேன், குத்திக் காட்டறாளான்னு. சத்தியமா இல்ல. என்னத் தேத்தறதுக்காகத்தான் வந்திருக்கா, இவ்ளோ தூரம் பஸ் ஏறி.

"பாத்தீங்களா பாய், ஒரு பைசா புடிக்கல. நீங்க சொன்னதுதான் ஞாயம். நாமதான் ஜெயிச்சோம்"னா.

நான் ஆமாம்மான்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?